நாக்கைத் தூக்கு

தொழிற்சாலையில் அவளுக்குப் பூதக்கண்ணாடி என்று பெயர். தைத்து வரும் சட்டைகளைக் கடைசியாகப் பார்த்து அனுப்பும் மேசை அவளுடையது. காலரில் ஒரு தையல் தவறியிருந்தால் போதும், அவளுக்கு மூக்கில் வேர்த்துவிடும். "இது யார் தைச்சது?" என்று அவள் எழுந்தால் மூன்று வரிசை மிஷின்களிலும் சத்தம் அடங்கும். பதினெட்டு வருடமாக மனிதர்களையும் அவள் அப்படித்தான் பார்த்தாள். பால் போடுகிறவன் தண்ணீர் கலக்கிறான். எதிர்வீட்டுக்காரி காரியமில்லாமல் நலம் விசாரிக்க மாட்டாள். பாதி நேரம் அவள் சந்தேகம் சரியாகவும் இருந்து தொலைத்தது. கெடுதலே அதனால்தான் வந்தது.

வீட்டில் அவளும் அக்கா மகளும் மட்டும். அக்கா எச்.ஐ.வி.யில் போய்ச் சேர்ந்தபோது பெண்ணுக்கு நான்கு வயது. அம்மாவிடமிருந்து பிறக்கும்போதே கிருமி அவளுக்கும் வந்திருந்தது. தினமும் தவறாமல் மருந்து சாப்பிட்டால் அது தலைதூக்காது, மற்றப் பிள்ளைகள் மாதிரியே வளரலாம் என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். பூதக்கண்ணாடி தன் கல்யாணப் பேச்சை மூட்டைகட்டி வைத்துவிட்டு மருந்து கொடுப்பதையே வாழ்க்கையாக எடுத்துக்கொண்டாள். எதிர்வீட்டுக்காரியின் கண்ணுக்குப் பயந்து மாத்திரை டப்பாவின் லேபிளைச் சுரண்டி எடுத்து, பழைய பொத்தான்கள் கிடந்த தகர டின்னுக்குள் அதை ஒளித்து வைத்தாள்.

இப்போது பெண்ணுக்குப் பதினைந்து. மருந்தும் ஒரே ஒரு மாத்திரையாகக் குறைந்துவிட்டது. போன பரீட்சை சமயத்தில் ஒரு நாள் காலையில் பெண் வாந்தி எடுத்தாள். சித்தி மாத்திரையைக் கையில் வைத்து உருட்டிப் பார்த்தாள். இவ்வளவு வேகமான மருந்து வெறும் வயிற்றில் போனால் குடலை அரிக்காமல் என்ன செய்யும்? தொழிற்சாலை முதலுதவி அறையில் வயிற்றெரிச்சலுக்குத் தரும் வெள்ளை மருந்தில் ஒரு பாட்டில் கேட்டு வாங்கி வந்தாள். அன்றிலிருந்து மாத்திரைக்கு முன்னால் அதில் இரண்டு ஸ்பூன்.

"சுண்ணாம்பு மாதிரி இருக்கு சித்தி."

"குடலுக்குப் பூச்சு பூசுது. வாயை மூடிக்கிட்டுக் குடி."

அடுத்த ரத்தப் பரிசோதனையில் இடி இறங்கியது. வருடக்கணக்காகக் கண்ணில் படாமல் இருந்த கிருமி மறுபடி பெருகியிருந்தது. "மாத்திரை விட்டுப்போகுதா?" என்று டாக்டர் கேட்டார். "ஒரு நாள் கூட இல்லை" என்றாள் பெண். இன்னும் மூன்று மாதம் பார்ப்போம், அப்புறமும் குறையாவிட்டால் இந்த மருந்து இவளுக்குப் பயனில்லாமல் போயிருக்கலாம், வேறு மருந்துகள் குறைவு என்றார் டாக்டர்.

ஒரு நாள் கூட இல்லையாமே! பூதக்கண்ணாடி மனதுக்குள் சிரித்துக்கொண்டாள். ஆஸ்பத்திரி பெஞ்சில் இந்த வயதுப் பிள்ளைகள் பேசுவது அவள் காதில் விழாததா? உடம்பு நன்றாகத்தானே இருக்கிறது, எதற்கு மாத்திரை என்பான் ஒருவன். முகம் கறுத்துவிடும் என்பாள் ஒருத்தி. கிருமி இல்லையென்று ரிசல்ட் வந்ததும் குணமாகிவிட்டது என்று நிறுத்திவிட்டு, ஆறே மாதத்தில் எலும்பும் தோலுமாக வந்து உட்கார்ந்தவன் இன்னொருவன். இவளும் அந்தக் கூட்டம்தானே!

அதிலிருந்து வீட்டில் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு காவல். காலை ஆறு மணிக்கு மாத்திரை. "வாயைத் திற. நாக்கைத் தூக்கு. கன்னத்தை விலக்கு." பிறகு பத்து நிமிடம் எதிரிலேயே உட்காரவைத்துப் பாடம் ஒப்பிக்கச் சொல்வாள், துப்ப முடியாதபடி. டார்ச் அடித்துக் கழிவறைத் துவாரத்தைப் பார்த்தாள். தலையணை உறையைப் பிரித்தாள். பிள்ளையின் குடல் பாவம் என்று வெள்ளை மருந்தை மட்டும் நான்கு ஸ்பூனாக்கினாள்.

ஒரு நாள் ஜியாமெட்ரி பாக்ஸில், காகிதத்தில் சுற்றி, மூன்று மாத்திரைகள். பூதக்கண்ணாடிக்கு வந்ததில் பாதி பயம், பாதி வெற்றி. அந்தப் பாதி வெற்றியை அவள் பிறகு நினைத்து நினைத்துக் கூசினாள். பள்ளிக்கூடம் விட்டு வந்தவளை வாசலிலேயே மறித்தாள்.

"இது என்னடி?"

"ஆஸ்பத்திரி கவுன்சலர் மேடம் தனியாக் குடுத்தது சித்தி. எங்கயாவது மாட்டிக்கிட்டா அவசரத்துக்கு."

"யார்கிட்ட கதை விடறே?"

"ஃபோன் பண்ணிக் கேளுங்க."

ஃபோன் பண்ணவில்லை. கையும் களவுமாகப் பிடித்தபிறகு சாட்சி எதற்கு? "உங்கம்மாவும் இப்படித்தான். வியாதியை மறைச்சு மறைச்சுப் பொய் சொல்லியே போய்ச் சேர்ந்தா. நீயும் போ" என்றாள்.

பெண் அழவில்லை. செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு உள்ளே போனாள். அடுத்த நாள் காலை, சித்தி கேட்பதற்கு முன்பே வாயைத் திறந்து நாக்கைத் தூக்கிக் காட்டினாள். பேச்சு நின்றுபோனது.

மூன்றாம் மாத ரிசல்ட் இன்னும் மோசம். கவுன்சலர் இருவரையும் எதிரில் உட்காரவைத்தார். பூதக்கண்ணாடி அந்த மூன்று மாத்திரைகளையும் மேசையில் தட்டினாள்.

"இது நான் குடுத்ததுதாம்மா" என்றார் கவுன்சலர்.

பூதக்கண்ணாடி பெண்ணைப் பார்த்தாள். பெண் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சரி, காலையில என்ன நடக்குதுன்னு ஒண்ணு விடாம சொல்லுங்க."

அதைச் சொல்வதில் அவளுக்குப் பெருமைதான். நிமிர்ந்து உட்கார்ந்து, கையால் நடித்தே காட்டினாள். "ஆறு மணிக்கு எழுப்புவேன். முதல்ல வயித்துக்கு வெள்ளை மருந்து நாலு ஸ்பூன். உடனே மாத்திரை. அப்புறம் நாக்கைத் தூக்குன்னு..."

கவுன்சலரின் பேனா நின்றது. "என்ன வெள்ளை மருந்து?"

பாட்டில் பையிலேயே இருந்தது. கவுன்சலர் வாங்கி, பின்பக்கத்துப் பொடி எழுத்தை விரல் வைத்துப் படித்தார். "எவ்வளவு நாளா?"

"வாந்தி எடுத்ததிலேருந்து. எட்டு மாசம் இருக்கும்."

"அம்மா, இதுல இருக்கற உப்பு அந்த மாத்திரையை வயித்துலயே பிடிச்சு வெச்சுக்கும். ரத்தத்துல பாதி கூடச் சேர்ந்திருக்காது. பொண்ணு ஒழுங்காத்தான் முழுங்கியிருக்கா." பேனாவைக் கீழே வைத்தார். "எங்க மேலயும் தப்புதான். மாத்திரை விட்டுப்போச்சான்னு கேட்டோமே தவிர, கூட என்ன குடுக்கறீங்கன்னு கேக்கலை."

பூதக்கண்ணாடி பாட்டிலைத் திரும்ப வாங்கி அந்தப் பொடி எழுத்தைப் பார்த்தாள். "இப்ப... மருந்து இவளுக்கு இனிமே கேக்காதா?"

"தெரியலை. ரத்தம் எடுத்துப் பார்க்கணும். நாளையிலேருந்து வெறும் தண்ணியில குடுங்க."

பஸ்ஸில் அவள் இரண்டு தடவை பேச வாயெடுத்தாள். இரண்டு தடவையும் பெண் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். இறங்கிய இடத்துக் குப்பைத்தொட்டியில் சித்தி பாட்டிலைப் போட்டாள்.

மறுநாள் காலை ஆறு மணி. தகர டின்னைத் திறந்து மாத்திரையை எடுத்து வைத்தாள். ஒரு டம்ளர் தண்ணீரை நீட்டினாள். நாக்கைப் பற்றி இனி மூச்சு விடுவதில்லை என்று இரவே முடிவு செய்திருந்தாள்.

பெண் டம்ளரை வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பார்த்தாள். மோந்து பார்த்தாள்.

"தண்ணிதானே?"

"தண்ணிதான்டா கண்ணு. சத்தியமா."

பெண் அதை அப்படியே தொட்டியில் கொட்டினாள். டம்ளரை இரண்டு தடவை அலசினாள். குடத்திலிருந்து தானே மொண்டு, மாத்திரையைப் போட்டு விழுங்கினாள். பிறகு சித்தியின் முன்னால் வந்து நின்று, வாயைத் திறந்து, நாக்கைத் தூக்கினாள்.

ஒரு தையல் தவறினாலும் கண்டுபிடிக்கும் பூதக்கண்ணாடியால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.