மார்கழியில் எழும்பாத பெரிய ஜாக்கி

ஒன்பது வருடம் நான்கு மாதம். கருங்கல் ஊர்க்காரன் ஞானசிங்கைத் தக்கலை ஊர் திருடன் என்று சொன்ன காலக்கணக்கு அது. 1944 ஆகஸ்டில் தொடங்கியது. களவு போனதாகச் சொன்ன பொருள் ஒரு டின் ஆயில்.

சாதாரண ஆயில் அல்ல. தக்கலையில் இஸ்ரவேலின் ஒர்க்‌ஷாப்பில் கார்களைத் தூக்க ஒரு லிஃப்ட் இருந்தது. மலையில் ரப்பர் தோட்டம் வைத்திருந்த ஒரு வெள்ளைக்காரர் ஊருக்குத் திரும்பும்போது விற்றுவிட்டுப் போனது. ஒரு ஆள் நின்று பம்பை அடித்தால் உள்ளே ஆயில் ஏறி, பலகையும் அதன்மேல் நிற்கும் காரும் ஆள் உயரத்துக்கு எழும்பும். பேர் வாயில் நுழையாததால் எல்லோரும் பெரிய ஜாக்கி என்றார்கள். அதற்கான ஆயில் சீமையிலிருந்து வரவேண்டும். யுத்த காலத்தில் கப்பலே வராதபோது ஆயில் எங்கே வரும்? கையிருப்பு ஒரே ஒரு டின். அதுவும் ஒருநாள் காணாமல் போயிற்று. ஜாக்கிக்குள் இருந்ததையும் யாரோ வடித்துவிட்டதாக இஸ்ரவேல் சொன்னார்.

அங்கே மெக்கானிக்காக இருந்த ஞானசிங்குக்கு அப்போது இருபத்தைந்து வயது. முந்திய நாள் கடைசியாகக் கதவடைத்தவன் அவன். அது போதுமானதாக இருந்தது. பட்டறைக்கு முன்னால் வழிப்போக்கர்கள் கூடி நிற்க, இஸ்ரவேல் அவனுடைய சட்டைப்பையை வெளியே இழுத்துப் போட்டார். பட்டறையில் பாதிப் பங்குள்ள மலைச்சரக்கு வியாபாரி கிருஷ்ணமணி, "களவாணிப் பயலெ படியெறங்கச் சொல்லும்" என்று தெருவைப் பார்த்துச் சத்தமிட்டார். மூன்று மாதச் சம்பளத்தைப் பிடித்துக்கொண்டு, அந்தப் பணத்தில் திருவனந்தபுரத்திலிருந்து புது டின் வாங்கித் தன் கையாலேயே ஜாக்கியில் ஊற்றியதாக இஸ்ரவேல் பிறகு ஊரெல்லாம் சொன்னார். ஊற்றுவாய்க்குக் கிருஷ்ணமணி ஒரு பித்தளைப் பூட்டு வாங்கிக் கொடுத்தார். இஸ்ரவேல் அதைப் பூட்டிச் சாவியை அரைஞாணில் கட்டிக்கொண்டார்.

ஞானசிங் கருங்கல்லுக்கு வந்து, வீட்டை ஒட்டி ஓலைக் கொட்டகை போட்டு, காருக்கு அடியில் இறங்கி நிற்கத் தரையில் பள்ளம் தோண்டி வேலையைத் தொடங்கினான். கை சுத்தம் என்று வேலையைப் பார்த்தவர்கள் சொன்னார்கள். ஆனால் ஒருவரும் காரை அவனிடம் விட்டுவிட்டுப் போகவில்லை. டிரைவர் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து கடைசி நட்டு முறுகும்வரை அவன் கையையே பார்த்துக்கொண்டிருப்பார். அந்தியானால் வேலை பாதியில் நின்றாலும் வண்டியைத் தள்ளிக்கொண்டாவது போய்விடுவார்கள். கருங்கல் டாக்டரும் அப்படித்தான். ஆஸ்பத்திரியில் நோயாளியைக் காக்க வைத்துவிட்டுக் கொட்டகையில் வந்து உட்கார்ந்திருப்பார். சிரித்துப் பேசுவார். பார்வை மட்டும் பெட்ரோல் டாங்கின் மூடியை விட்டு நகராது.

பள்ளத்துக்கு இன்னொரு நோய். வைகாசிக் கடைசியில் தொடங்கும் இடவப்பாதி மழைக்கும் ஐப்பசி மழைக்கும் அது குளமாகிவிடும். இறைக்க இறைக்க ஊறும். வருடத்தில் நான்கு மாதம் கார்களுக்கு அடியில் மல்லாந்து படுத்து, முதுகில் சேறோடு வேலை செய்தான்.

1953 கார்த்திகையில் இஸ்ரவேல் பட்டறையை மூடுவதாகச் செய்தி வந்தது. கட்டடத்தை விற்க ஆள் பார்த்துவிட்டார்கள், சாமான்களைத் தனித்தனியாகக் கொடுக்கிறார்கள். பெரிய ஜாக்கியும் விலைக்கு வந்தது. திருவனந்தபுரத்துக்குத் தெற்கே அப்படி இன்னொன்று கிடையாது.

"அந்த ஆளுக்க படியில இனி கேறமாட்டேண்ணு சொன்னது நீங்களாக்கும்," என்றாள் மனைவி ஜெபமணி.

"நான் ஜாக்கிய வாங்கப் போறேன். அந்த ஆளையில்ல."

இஸ்ரவேல் நாற்காலியிலிருந்து எழவில்லை. உட்காரச் சொல்லவுமில்லை. விலையைச் சொல்லிவிட்டு, கூடி நின்ற மற்ற வாங்கல்காரர்களைப் பார்த்துச் சிரித்தார்.

"இவனுக்கே குடுக்கேன். களவாணிக்க வீட்டுல வச்சா களவு போகாதுல்லா?"

நாலு பேர் சிரித்தார்கள். ஞானசிங் ஜாக்கியைச் சுற்றி வந்தான். உச்சி வெயில். அவனே பம்பை அடித்துப் பார்த்தான். பலகை வெண்ணெயில் கத்தி இறங்குவதுபோல் மெல்லவும் சீராகவும் ஏறியது. குழாய் மூட்டில் சிற்றெறும்பு வரிசையாகப் போய்க்கொண்டிருந்ததைக் கண்டான், ஊதித் தள்ளினான். ஊற்றுவாயின் பூட்டுக்குச் சாவி கேட்டபோது அது தொலைந்து வருடங்கள் ஆயிற்று என்றார் இஸ்ரவேல். பழைய பட்டறை ஆள் ஒருவன், ஜாக்கியை வண்டியில் ஏற்றும்போது புத்தி சொன்னான். இது சீமைச் சரக்கு, மார்கழியில் வெயில் ஏறாமல் எழும்பாது, துரைமாருக்கு நேரம் வெளுத்துத்தானே முழிப்பு என்றான். அதற்கும் சிரித்தார்கள்.

மயிலாடியிலிருந்து நான்கு கருங்கல் பாளம் வரவழைத்து, பள்ளத்தை மூடி, அதன்மேல் ஜாக்கியை நிறுத்தினான் ஞானசிங். மார்கழி பிறக்கும்வரை குறையே இல்லை.

டிசம்பர் பதினேழாம் தேதி, விடிந்தும் விடியாத நேரம். டாக்டர் காரோடு வந்தார், எட்டு மணிக்கு ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும். ராத்திரியெல்லாம் மலைக்காற்று அடித்து ஊரே விறைத்துக் கிடந்தது. ஞானசிங் காரைப் பலகையில் ஏற்றிப் பம்பைப் பிடித்தான். அதன் கைப்பிடிக் கம்பி இறங்க மறுத்தது. முழு எடையையும் போட்டுத் தொங்கினான். பலகை அசையவில்லை.

டாக்டர் கடிகாரத்தைப் பார்த்தார். "அந்த ஆளுட்டப் போயா வாங்கினே?" என்று கேட்டுவிட்டு, தானே காரைப் பின்னால் இறக்கி ஓட்டிக்கொண்டு போனார்.

ஞானசிங் சுத்தியலை எடுத்து ஜாக்கியை ஓங்கி அடித்தான். ஏமாந்துவிட்டோம் என்பதைவிட, அந்த ஆளிடம் ஏமாந்தோம் என்பதுதான் அவன் நெஞ்சை அறுத்தது. சத்தம் கேட்டு ஜெபமணி அடுக்களையிலிருந்து எட்டிப் பார்த்தாள். தலையில் பாதி எண்ணெய், கையில் எண்ணெய்க் குப்பி. எண்ணெய் வெள்ளையாக உறைந்திருந்ததால் குப்பியை அடுப்புச் சூட்டில் காட்டிக்கொண்டிருந்தவள் அப்படியே வந்துவிட்டாள்.

"அடிச்சா எளகுமா? வெந்நி ஊத்திப் பாருங்க," என்றாள் விளையாட்டாக. "நமக்க குப்பிக்கும் இதே நோக்காடுதான்."

அவன் குப்பியைப் பார்த்தான். குழாயைப் பார்த்தான். எறும்பு ஞாபகத்துக்கு வந்தது. சுத்தியலைக் கீழே வைத்துவிட்டு உண்மையிலேயே வெந்நீர் கொண்டுவரச் சொன்னான். குழாயில் துணியைச் சுற்றி, அடியிலுள்ள இரும்பு உருளை சுடும்வரை மூன்று குடம் ஊற்றினான். பம்பு இறங்கியது. பலகை எழும்பியது.

சீமை ஆயில் இந்தக் குளிருக்கு உறையாது. கன்னியாகுமரி தொடங்கி நெய்யாற்றங்கரை வரை மார்கழிக் காலையில் உறைகிற எண்ணெய் ஒன்றுதான், தேங்காய் எண்ணெய்.

அவன் கை பூட்டுக்குப் போனது. ஒரு அடியில் உடையும். ஜெபமணி அவன் கையைப் பிடித்தாள். "ஒடைச்சா, நீங்க ஊத்தினதுண்ணு சொல்லுவினும்," என்றாள். அது சரிதான் என்று அவனுக்குப் பட்டது. குளிக்காமல் பஸ் ஏறினான்.

தக்கலையில் கிருஷ்ணமணி கடையில் மிளகு சாக்குகளுக்கு நடுவே இருந்தார். அவனைக் கண்டதும் முகத்தைத் திருப்பி, கடைப்படியில் ஏறவேண்டாம், சாமான் கிடக்கிறது என்றார். ஞானசிங் தெருவிலேயே நின்றான். தெருவில் நிற்பது அவனுக்குப் புதிதல்ல.

"மொதலாளி, உம்ம பூட்டு எனக்க கொட்டகையில தொங்குது. நான் தொடல்ல. அந்த ஆயில்ல உமக்குப் பாதிப் பங்கு உண்டு. நீரு வந்து தொறந்து பாக்கணும். காலம்பற வரணும், வெயிலுக்கு முன்னால."

"சாவி போச்சுல்லா?"

"அவருக்க சாவி போச்சு."

கிருஷ்ணமணி கையிலிருந்த மிளகுத் தூசியைத் தட்டினார். பிறகு பணப்பெட்டியின் அடித்தட்டைத் தூக்கி, துணி சுற்றிய சிறு சாவியை எடுத்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டார். பூட்டு வாங்கினால் இரண்டு சாவி வரும். ஒன்றைக் கொடுத்துவிட்டு மற்றதைப் பற்றி மூச்சு விடாமல் இருப்பது அவர் தொழில்.

மறுநாள் விடியற்காலை வாடகைக் காரில் வந்தார். கூடவே இஸ்ரவேல். விற்ற சாமானில் தகராறு, பேசித் தீர்க்கவேண்டும் என்று சொல்லிக் கூட்டி வந்திருந்தார். இஸ்ரவேல் இறங்கும்போதே சத்தமாகத்தான் இறங்கினார். பழைய சாமானுக்கு என்ன பொறுப்பு, வாங்கின நாளில் எழும்பியதா இல்லையா, களவாணிக்கு ஜாக்கியைக் கொடுத்ததே தப்பு என்று அடுக்கினார். சத்தத்துக்குப் பக்கத்து ஆட்கள் கூடினார்கள். கிருஷ்ணமணி மடியிலிருந்து சாவியை எடுத்தார். இஸ்ரவேலின் வாய் நின்றது.

பூட்டு பச்சை பிடித்திருந்தது. இரண்டு திருப்பில் திறந்தது. மூடியைக் கழற்றினால், உள்ளே சுண்ணாம்பு பூசியதுபோல் வெள்ளை. ஞானசிங் விரலால் ஒரு கட்டியைத் தோண்டி எடுத்தான்.

"மணத்திப் பாரும்," என்று கிருஷ்ணமணியிடம் நீட்டினான். ஒன்பது வருடத்துக்குப் பிறகும் முதலாளி என்று அழைத்தவன், இப்போது அந்த வார்த்தையைச் சேர்க்கவில்லை.

"இவன் மாத்தி ஊத்திட்டான்," என்றார் இஸ்ரவேல்.

"எப்படி ஊத்துவான்?" கிருஷ்ணமணியின் குரல் உயரவில்லை. "அவனை எறக்கிவிட்ட பொறவாக்கும் இந்தப் பூட்டு வாங்கினது. நீரு ஆயில ஊத்தினேண்ணு சொன்ன அண்ணு பூட்டினது. எண்ணெயும் பழசு, எறும்பரிச்சுக் கெடக்கு, பாரும்."

"யுத்த காலம். ஆயில் கிட்டல்ல."

"கிட்டல்லண்ணா இவனுக்க சம்பளம் எங்க? அந்த டின்னு எங்க? நான் தெருவுல நிண்ணு களவாணிண்ணு சத்தம் போட்டனே, அது எங்க?"

யுத்த காலத்தில் அந்த டின்னுக்கு எங்கே என்ன விலை கிடைத்திருக்கும் என்று கூடி நின்றவர்களுக்குத் தெரியும். இஸ்ரவேல் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு காரைப் பார்த்து நடந்தார்.

ஞானசிங் மன்னிப்புக் கேட்கச் சொல்லவில்லை. அந்த வாயிலிருந்து வரும் எந்த வார்த்தையும் அவனுக்கு வேண்டியிருக்கவில்லை. அவன் கேட்டது ஒன்றுதான்.

"எனக்க சம்பளத்துல வாங்கின டின்ன கொண்டு தாரும். வேற ஆள்ட்ட குடுத்து விடண்டாம். சந்தை நாள்ல, உம்ம தலையில வச்சுக் கொண்டு வரணும்."

"ஒனக்க அப்பன்ட்டச் சொல்லு," என்றார் இஸ்ரவேல், திரும்பாமல்.

பட்டறைக் கட்டடம் இரண்டு பேர் பெயரிலும் இருந்தது. டின் கருங்கல்லுக்கு வந்து சேராமல் விற்பனைப் பத்திரத்தில் தன் கையெழுத்து விழாது என்று கிருஷ்ணமணி காரில் ஏறும்போது சொன்னார். அவரும் ஞானசிங்கிடம் மன்னிப்புக் கேட்கவில்லை. சாவியை மட்டும் பூட்டிலேயே விட்டுவிட்டுப் போனார்.

கிறிஸ்துமஸ் கழிந்து, ஜனவரி இரண்டாம் வாரம். சந்தை நாள். கருங்கல் சந்தையில் தலையில் சுமையோடு போகிறவனை என்ன சுமை, எங்கோட்டு என்று கேட்காமல் விடமாட்டார்கள். மீன்காரி கேட்டாள், வாழைக்குலைக்காரன் கேட்டான், சைக்கிளில் வந்தவன் இறங்கிக் கேட்டான். அறுபது வயதான பட்டறை முதலாளி தலையில் சும்மாடு கட்டி டின் சுமந்து போனால் கேட்காமல் இருப்பார்களா? முதலில் அவர் ஜாக்கி ஆயில் என்று மட்டும் சொன்னார். யாருக்கு என்றார்கள். ஞானசிங்குக்கு என்றார். எதற்கு நீர் சுமக்கிறீர் என்றார்கள். அதற்குள் கருங்கல் ஆட்கள் விடையை அவருக்கு முன்னால் கொட்டகை வரை கொண்டு சேர்த்துவிட்டார்கள்.

இஸ்ரவேல் உள்ளே வரவில்லை. டின்னை வாசல் படலைக்கு வெளியே இறக்கி வைத்து, ஒருமுறை காறித் துப்பினார். ஞானசிங் காருக்கு அடியிலிருந்து எழுந்து வரவில்லை. ஜெபமணிதான் டின்னை உருட்டி உள்ளே எடுத்தாள். மூடியின் முத்திரை உடையாமல் இருக்கிறதா என்று அவள் இரண்டு தடவை பார்த்தாள்.

மறுநாள் காலை ஆறு மணிக்கு டாக்டர் காரைக் கொண்டுவந்தார். புது ஆயில் ஊற்றிய ஜாக்கியில் நாலு அடி பம்பு அடித்ததும் பலகை எழும்பியது. ஆக்சில் வேலை இரண்டு நாள் பிடிக்கும் என்றான் ஞானசிங். டாக்டர் ஸ்டூலைப் பார்த்தார், உட்காரவில்லை. கார் சாவியைத் தூணிலிருந்த ஆணியில் மாட்டிவிட்டு, ரோட்டுக்கு நடந்து, ஆறரை பஸ்ஸில் ஏறினார்.