சின்னவளுக்குப் பூசணி ஆகாது

வாசலிலிருந்து மாவுப் பாதம் போட்டுக்கொண்டே வந்தாள் மந்தாகினி. கூடம் தாண்டி, அடுக்களை தாண்டி, பூஜை அறை மணை வரைக்கும். பண்டிகைக்குப் பெரிய கௌரி அம்மன் நடந்து வரும் வழி அது. அதோடு நிறுத்தியிருக்கலாம். இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழுந்தவள், மாவுக் கிண்ணத்தோடு சாமான் அறைக்குள் போனாள். பழைய டிரங்குப் பெட்டியின் அடியிலிருந்து இன்னொரு வரிசைப் பாதம், கொஞ்சம் சின்னதாக, போட ஆரம்பித்தாள்.

ஏழு மாத வயிற்றோடு நின்று பார்த்துக்கொண்டிருந்த மருமகள் அஸ்மிதாவுக்கு உள்ளங்கால் குளிர்ந்தது.

"சின்னவளையும் வாசல்லேருந்துதானே அழைச்சுட்டு வரணும், அத்தே?"

"வெளிய போனவளைத்தானேடி வாசல்லேருந்து அழைக்கணும்" என்றாள் மந்தாகினி, தலையை நிமிர்த்தாமல்.

சாத்தாராவில் மந்தாக்கா என்றால் போளி. கல்யாணமோ வளைகாப்போ, அவள் கை பட்ட போளி இல்லாமல் பந்தி நடக்காது. படைக்கிற சமையலை ருசி பார்க்கக் கூடாது என்பதால் எதையும் மோந்துதான் உப்புப் பார்ப்பாள். அடுப்போடு பேசுவாள். "ஏண்டா, இப்பத்தான் உனக்குத் தூக்கம் வருதா?" என்று அணைகிற தீயைத் திட்டுவாள். திட்டினால் எரியவும் செய்யும், அதுதான் வேடிக்கை.

அவள் வாழ்க்கைப்பட்ட ஜகதாப் வீட்டில் கௌரிகள் இருவர், அக்காவும் தங்கையும். பித்தளை முகம், கோதுமை நிரப்பிய தகர உடம்பு, அதன்மேல் பட்டுப்புடவை. சதுர்த்திக்கு விநாயகர் வந்து உட்கார்ந்த கையோடு அவர்களும் பிறந்த வீடு வருவார்கள். வந்த மறுநாள் விருந்து. மூன்றாம் நாள் தலையில் அரிசி போட்டு, "போயிட்டு மறுபடி வா" என்று சொல்ல வேண்டும். அந்த அரிசி விழுந்தால் கிளம்பிவிடுவார்கள். மிச்சம் இருப்பது வெறும் பித்தளை, பெட்டியில் வைத்து மூடலாம்.

மந்தாகினிக்கும் ஒரு பெண் இருந்தாள், கேதகி. சாங்லியில் வாழ்க்கைப்பட்டவள். "கௌரிக்கு வந்துடறேம்மா" என்று போனில் சொன்னவள் அதே வாரம் காய்ச்சலில் போய்விட்டாள். முப்பதுகூட ஆகவில்லை, பாவி மகளுக்கு. அதற்குப் பிறகு சின்ன கௌரிக்குப் புடவை எடுக்கப் போனால் மந்தாகினி கடைக்காரனிடம், "மஞ்சள் வேண்டாம்ப்பா, அவ நிறத்துக்கு எடுக்காது" என்பாள். பித்தளைக்கு மஞ்சள் எடுக்காதாம்! கடைக்காரனும் விவரம் தெரிந்தவன், வாயைத் திறக்காமல் பச்சையை எடுத்துப் போடுவான்.

விருந்தன்று இலையில் பரிமாறிக் கதவைச் சாத்திவிட வேண்டும். அம்மன் சாப்பிடுவதை மனுஷர் பார்க்கக் கூடாது. போன வருஷம் கதவைத் திறந்தபோது, பதினாறு காய் போட்ட கூட்டிலிருந்து பூசணித் துண்டு மட்டும் ஒவ்வொன்றாகப் பொறுக்கி எடுக்கப்பட்டு, சின்னவள் இலையின் ஓரத்தில் ஒதுங்கியிருந்தது.

"எலிம்மா" என்று சிரித்தான் மகன் தத்தா.

"எலிக்குப் பூசணி ஆகாதாடா? உங்க அக்காவுக்குத்தான் ஆகாது."

தத்தாவின் சிரிப்பு அப்படியே நின்றுபோனது.

அதிலிருந்துதான் அஸ்மிதா ஒன்றைக் கவனித்து வந்தாள். ராத்திரி மிஞ்சிய சோறு காலையில் இருக்காது. பாத்திரம் துலக்கி, மேடையில் கவிழ்த்து வைக்கப்பட்டிருக்கும். அத்தை வேலைதான் என்று இருந்தாள். ஒரு கல்யாணத்துக்குப் போளி போட மந்தாகினி வெளியூர் போயிருந்தபோதும் பாத்திரம் கவிழ்ந்துதான் இருந்தது. அப்புறம் அஸ்மிதா தனியாக அடுக்களைக்குள் போவதையே விட்டுவிட்டாள்.

இந்த வருஷ விருந்தன்று போளிக்குப் பூரணம் வைத்துக்கொண்டே மந்தாகினி சொன்னாள், பால் வாங்கி வந்ததைச் சொல்வது மாதிரி. "போன தடவை சின்னவ தலையில அரிசி போடலடி. போடற மாதிரி கையை மட்டும் ஆட்டினேன். பெத்தவ வாயால போன்னு எப்படிடி சொல்றது? அப்படியே பெட்டியில வச்சு மூடிட்டேன்."

அஸ்மிதா சாமான் அறைப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். "அப்ப ஒரு வருஷமா..."

"இருக்கா. சாப்பிடறா. உன்னை ஏதாவது பண்ணினாளா?"

"பண்ணலைதான். ஆனா ராத்திரி புரண்டு படுத்தா என் வயித்து மேல யாரோ கை வச்சுப் பாக்கறாங்க, அத்தே. குழந்தை அசையாம கெடக்குது." அவளுக்கு அழுகை வந்துவிட்டது. "இந்த வருஷமும் அவளை அனுப்பலைன்னா நான் எங்கம்மா வீட்டுக்குப் போயிடுவேன். பொறந்ததுக்கப்புறமும் இந்த வாசப்படி மிதிக்க மாட்டேன். உங்க மகளா, பேரப்பிள்ளையா, நீங்களே சொல்லுங்க."

கல்லில் கிடந்த போளி கருகியது. மந்தாகினி கையில் போளி கருகி அந்த ஊரில் யாரும் பார்த்ததில்லை.

மூன்றாம் நாள் தயிர்சாதம் படைத்தார்கள். தத்தா மணி அடித்தான். பெரியவள் தலையில் மந்தாகினி அரிசியைப் போட்டு, "போயிட்டு மறுபடி வா தாயே" என்று கணீரென்று சொன்னாள். பிறகு நகர்ந்து சின்னவளுக்கு முன்னால் போய் நின்றாள். பிடி அரிசியோடு உயர்ந்த கை அந்தரத்திலேயே நின்றது. காற்றே இல்லை. ஆனாலும் பச்சைப் புடவையின் கொசுவம் லேசாக ஆடிக்கொண்டிருந்தது. அஸ்மிதா வயிற்றை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டாள்.

"போடும்மா" என்றான் தத்தா.

மந்தாகினி இடது கையை நீட்டினாள். பித்தளை நெற்றியின் மேல், புருவத்தை ஒட்டி, உள்ளங்கையை அணைபோல் வைத்தாள். பிள்ளைக்குத் தலைக்கு ஊற்றும்போது சீயக்காய் கண்ணில் வழியாமல் தாய் வைப்பாளே, அந்த மாதிரி.

"கண்ணை மூடிக்கோடி" என்றாள். சொல்லிவிட்டு, கொஞ்சம் காத்திருந்து, அரிசியைப் போட்டாள்.