அறுபத்துமூன்றாவது மஞ்சள் அட்டை

பாலேந்திரனை எனக்குப் பிடிக்காது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு ஒருவரும் நான் நடுநிலையாக எழுதினேன் என்று நினைத்து ஏமாறக் கூடாது. பதினொரு வருடமாக எங்கள் தமிழ் மன்றத்துக்கு அந்த மனிதர்தான் தலைவர். பொங்கல் விழாவா, விளக்கேற்றுவது அவர். விளையாட்டுப் போட்டியா, கிண்ணம் கொடுப்பது அவர். மன்ற மலரை விரித்தால் நாலு பக்கத்துக்கு ஒரு தடவை அவருடைய பல்வரிசை தெரியும். ஆனால் இது அவருடைய கதை இல்லை. தில்லை அக்காவின் கதை. சோற்றுக்குள் கல் வருகிற மாதிரி அவரும் இதற்குள் வருவார், என்ன செய்வது.

தில்லைநாயகி தொண்ணூற்றொன்றில் யாழ்ப்பாணத்திலிருந்து அகதியாக வந்தவர். இரண்டு வருடம் முகாமில் கிடந்துவிட்டு, சுவிஸ் நாட்டின் பேர்ண் நகரத்தில் ஒரு பெரிய ஆஸ்பத்திரிச் சமையலறையில் வேலைக்குச் சேர்ந்தார். இன்றைக்கும் அங்கேதான். நோயாளிகளின் சாப்பாட்டுத் தட்டுகள் வரிசையாக வரும் ஓடுபட்டியின் கடைசியில் நிற்பார். உப்பில்லாத தட்டு எது, சீனி வருத்தக்காரரின், அதாவது நீரிழிவுக்காரரின் தட்டு எது என்று பார்த்து, எண்ணி, வண்டியில் ஏற்றுவது அவர் வேலை. நான் ஜெயகௌரி, அதே சமையலறையில் பாத்திரம் கழுவும் மெஷினில் நிற்கிறவள். இருபத்திரண்டு வருடமாக ஓஸ்டர்முண்டிகனில் ஒரே தரிப்பிடத்தில் பஸ் ஏறுகிறோம்.

ஒரு வார்டுக்கு முப்பத்துநாலு தட்டு என்றால் முப்பத்துநாலு ஏறாமல் வண்டி நகராது. ஒருநாள் பெரிய சமையல்காரர், எல்லாம் சரி, அனுப்பு என்று கத்தினார். தில்லை அக்கா லிஃப்ட் கதவுக்குள் காலை வைத்துக்கொண்டு, ஒன்று குறைகிறது என்றார். எண்ணிப் பார்த்தால் குறைந்துதான் இருந்தது. "மேலை ஒரு சீவன் பசியோடை கிடக்கும் கௌரி" என்று என்னிடம் பிறகு சொன்னார். அவ்வளவுதான் அந்த மனுசியின் துணிச்சல். தட்டுக் கணக்கை விட்டால் மற்ற எல்லாவற்றுக்கும் அவர் வாயில் ஓம்தான். வீட்டுக்காரன் வாடகையை ஏற்றினாலும் ஓம், மேலதிகாரி ஞாயிற்றுக்கிழமை வரச் சொன்னாலும் ஓம். எனக்குப் பத்திக்கொண்டு வரும்.

மன்றத்திலும் அப்படித்தான். தலைவர் தெரிவு என்றால் எங்கள் மன்றத்தில் கைதட்டல். பாலேந்திரன் எழுந்து நிற்பார், யாராவது ஒருவர் "அவரே தொடரட்டும்" என்பார், எல்லோரும் தட்டுவார்கள், முடிந்தது. சுவிஸ்காரரின் சங்கங்களிலும் இந்த வழக்கம் உண்டாம். அவர்களுக்கு ஒருமுறை கைதட்டினால் ஒருமுறைதான். எங்கள் ஆள் பதினொரு தடவை தட்ட வைத்தார்.

இந்த வருடம் மரியதாஸ் அண்ணை போட்டிக்கு நின்றார். பீல் நகரத்தில் மணிக்கூட்டுத் தொழிற்சாலையில் வேலை செய்கிறவர், அதிகம் கதைக்காத மனிதர். கைதட்டல் வேண்டாம், அட்டை தூக்கி எண்ணவேண்டும் என்று முறைப்படி எழுதிக் கொடுத்திருந்தார். நான் சந்தோசத்தில் அன்றைக்கு ரவை லட்டு உருட்டினேன். தில்லை அக்காவுக்கும் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர் லட்டைக் கையில் வைத்துக்கொண்டே இருந்தார், வாயில் வைக்கவில்லை.

காரணம் அவருடைய தங்கை சந்திரமதி. வீட்டுக்குக் கடைக்குட்டி. ஒன்பது வருடத்துக்கு முன் வந்து அகதி விண்ணப்பம் போட்டாள், இரண்டு தடவை நிராகரித்துவிட்டார்கள். வேலை செய்யத் தடை. அக்கா வீட்டில் இருந்துகொண்டு மன்றத்துப் பிள்ளைகளுக்கு நடன உடுப்புத் தைத்துக் கொடுப்பாள். ஒரு சதம் வாங்கியதில்லை. பல வருடம் இங்கே வாழ்ந்து ஊரோடு ஒட்டிப்போனவர்களுக்கு இரக்கம் பார்த்து வதிவிட அனுமதி கொடுக்கும் வழி ஒன்று இருக்கிறது. அதற்குத்தான் கடைசியாக விண்ணப்பம் போட்டிருந்தாள். இதுவும் இல்லையென்றால் விமானம்தான் என்று வழக்கறிஞர் சொல்லிவிட்டார். ஒன்பது வருடம் இந்தச் சமூகத்துக்கு உழைத்தாள் என்று மன்றம் ஒரு கடிதம் தரவேண்டும். மார்ச் இருபதாம் தேதிக்கு முன் அது குடிவரவுக் கந்தோருக்குப் போய்ச் சேரவேண்டும்.

செயலாளர் மிதுஷா தை மாதமே கடிதத்தை எழுதித் தன் கையெழுத்தையும் வைத்துவிட்டாள். இங்கே பிறந்த பிள்ளை, எதையும் இழுத்தடிக்கத் தெரியாது. மற்றக் கையெழுத்து தலைவருடையது; யார் வென்றாலும் மார்ச் முடியும்வரை அந்தக் கையெழுத்து பாலேந்திரனுடையதுதான், கடிதமும் அவரிடம்தான் கிடந்தது. மார்ச் முதல் வாரத்தில் தில்லை அக்கா அவருக்குத் தொலைபேசி எடுத்தபோது நான் பக்கத்தில் இருந்தேன். ஸ்பீக்கரில் அந்தக் குரல் எண்ணெய் வழிய வந்தது.

"நீர் ஏன் பதறுறீர் பிள்ளை. பொதுக்கூட்டம் முடியட்டும், பிறகு பாப்பம்."

"அண்ணை, இருபதாம் திகதி கடைசி..."

"தெரியும், தெரியும். ஆரார் எங்கட ஆக்கள் எண்டு பாத்துத்தானே மன்றம் கடிதம் குடுக்கிறது."

பொதுக்கூட்டம் மார்ச் பதினைந்து, எங்கள் பேச்சில் பங்குனி பதினைந்து. இதற்கு மேலே ஒரு மனிதன் என்ன சொல்லவேண்டும்? போனைப் பறித்து நாலு கேள்வி கேட்டிருப்பேன். தில்லை அக்கா என் கையைப் பிடித்துவிட்டார்.

ஒரு வாரம் அவர் சாப்பிடவில்லை. நானே கடைசியில் சொன்னேன்: "அக்கா, அந்த ஆளுக்கே அட்டையைத் தூக்குங்கோ. நான் ஒண்டும் நினைக்கமாட்டன். கடிதம்தான் முக்கியம்." பாலேந்திரனுக்கு வாக்குக் கேட்க என் வாயே திறந்தது, பாருங்கள். அன்றைக்கு என்னை நினைத்தே எனக்கு அருவருப்பாக இருந்தது.

"பதினொரு வருசம் தட்டின கைதானே" என்றார் தில்லை அக்கா. "இந்தமுறைதான் பாரமாக் கிடக்கு."

சந்திரமதியோ, "உங்களுக்கு விருப்பமான மாதிரிச் செய்யுங்கோ அக்கா" என்று மட்டும் சொல்லியிருந்தாள். அந்தத் தொலைபேசிக்கு முன்பே, மாசி, அதாவது பெப்ரவரி நடுவில், தன் தையல் மெஷினை என் வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு வந்து, "வைச்சிருங்கோ, போகச் சொன்னால் இதைக் கொண்டுபோகேலாது" என்று வைத்துவிட்டுப் போனாள். நான் அதை ஒரு துணியால் மூடி வைத்தேன். அந்தப் பக்கம் பார்க்கவே பிடிக்காது.

கூட்டம் ஞாயிறு பின்னேரம், ஒரு தேவாலயத்தின் மண்டபத்தில். வாசலில் மிதுஷா ஆளுக்கொரு மஞ்சள் அட்டை கொடுத்தாள். மொத்தம் அறுபத்துமூன்று. சந்திரமதி அங்கத்தவர் இல்லை, அவளுக்கு அட்டை இல்லை. ஆனால் தேநீர் ஊற்ற மட்டும் கூப்பிட்டிருந்தார்கள். மண்டபத்துச் சமையலறையில், சாப்பாடு நீட்டும் யன்னலுக்குப் பின்னால் கோப்பை கழுவிக்கொண்டு நின்றாள்.

இந்த நாட்டில் எந்தச் சங்கக் கூட்டமானாலும் முதல் வேலை வாக்கெண்ணுவதற்கு ஒருவரைத் தெரிவுசெய்வது. பாலேந்திரன் மைக்கைப் பிடித்து, "தில்லைநாயகியைப் போடுங்கோ. தட்டு எண்ணின கை, பிழை விடாது" என்றார். சபை சிரித்தது. எல்லோருக்கும் முன்னால் அவரை நிறுத்திவைத்து எண்ண விடுவதில் மனிதருக்கு ஒரு திருப்தி.

தில்லை அக்கா எழுந்து முன்னுக்குப் போனார். அவர் முகத்தைப் பார்த்தேன். ஒரு வாரத்துக்குப் பிறகு முதல் தடவையாக அதில் இரத்தம் ஓடியது. எனக்கு உடனே விளங்கிவிட்டது. எண்ணுகிறவருக்கு வாக்கு இல்லை என்று மனுசி நினைக்கிறார். எங்கள் பெண்களின் பழக்கம் அது. பந்தியில் பரிமாறுகிறவள் எத்தனை பேர் சாப்பிடவில்லை என்று எண்ணும்போது தன்னைச் சேர்ப்பதே இல்லை. அப்பாடா, தப்பினார் என்று நானும் நினைத்தேன்.

பாலேந்திரனுக்கு அட்டைகள் எழுந்தன. தில்லை அக்கா வரிசை வரிசையாக நடந்து எண்ணினார். முப்பத்தொன்று. மரியதாஸ் அண்ணைக்கு எழுந்தன, என்னுடையதும் சேர்த்து. அதுவும் முப்பத்தொன்று. மண்டபத்தில் ஒரு இரைச்சல் கிளம்பி அடங்கியது. மரியதாஸ் அண்ணை கதிரையில் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"சரி, சமநிலை" என்றார் பாலேந்திரன், முகம் கறுத்துப்போய். "யாப்பின்படி சமநிலை வந்தால் தலைவரின்ரை முடிவு. ஆகவே நான் தொடருறன்." அந்த வரியை மன்றத்தின் சட்டப்புத்தகமான யாப்பில் எழுதியவரும் அவரேதான். அவருடைய ஆட்கள் தட்டத் தொடங்கினார்கள்.

கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். தில்லை அக்கா அப்போது செய்யவேண்டியது ஒன்றுமே இல்லை. சும்மா நின்றால் போதும். பாலேந்திரன் தலைவர், கடிதத்துக்குக் கையெழுத்து, அக்கா மேல் அட்டை தூக்கிய பழியும் இல்லை. ஆனால் அவர் லிஃப்ட் கதவுக்குள் கால் வைக்கிற மனுசி.

"பொறுங்கோ அண்ணை" என்றார். "கணக்குப் பிழை."

"என்ன பிழை?"

"அறுபத்திமூண்டு அட்டை குடுத்தது. அறுபத்திரண்டுதான் வந்திருக்கு. மற்றது என்ரை பையுக்கை கிடக்கு."

மிதுஷா யாப்பைப் புரட்டினாள். வாக்கெண்ணுபவருக்கும் வாக்கு உண்டு என்று வாசித்தாள். தில்லை அக்காவின் முகத்திலிருந்து இரத்தம் மறுபடி இறங்கிப்போனது. பாலேந்திரன் வாய்விட்டுச் சிரித்தார்.

"உதுக்கே இவ்வளவு கதை? எழுதும் மிதுஷா, எனக்கு முப்பத்திரண்டு. தில்லைநாயகி எங்கட ஆள்தானே, கேக்கிறதுக்கு என்ன கிடக்கு."

மிதுஷா பேனாவை எடுத்தாள், எழுதவில்லை.

தில்லை அக்கா பையைத் திறந்து அட்டையை எடுத்தார். எடுத்துவிட்டு யன்னல் பக்கம் திரும்பினார். சந்திரமதி ஈரக் கோப்பையோடு அப்படியே நின்றாள். ஓம் என்று தலையை ஆட்டவும் இல்லை, வேண்டாம் என்று அசைக்கவும் இல்லை.

"என்னைக் கேளுங்கோ" என்றார் தில்லை அக்கா.

"என்ன?"

"எல்லாரையும் கேட்டுத்தானே எண்ணினது. என்னையும் கேளுங்கோ."

பாலேந்திரன் கேட்கவில்லை. மிதுஷாதான் எழுந்து நின்று கேட்டாள். "அன்ரி, பாலேந்திரன் அங்கிளுக்கோ?"

அட்டை கீழேயே இருந்தது.

"மரியதாஸ் அங்கிளுக்கோ?"

அட்டை எழுந்தது. நன்றாகத் தலைக்கு மேலே எழுந்தது. எனக்குச் சந்தோசம் வரவேண்டும், வரவில்லை. ஐயோ சந்திரா என்றுதான் மனம் அடித்துக்கொண்டது.

பாலேந்திரன் லேசில் இறங்குகிற ஆள் இல்லை. தன் தோல் பையைத் திறந்து, ஒரு கடித உறையை எடுத்து, தில்லை அக்காவுக்கு முன்னால் போட்டார். மைக் இன்னும் கையில்தான்.

"இந்தாரும். உம்மடை தங்கச்சியின்ரை கடிதம். நான் எப்பவோ கையெழுத்து வைச்சிட்டன். ஆளைத் தெரியாமல் அட்டையைத் தூக்கிப்போட்டீர். பரவாயில்லை, நான் மனுசன்."

மண்டபம் அப்படியே அவர் பக்கம் கவிழ்ந்துவிட்டது. "பாத்தியளோ, அந்த மனுசன் குடுக்கத்தான் இருந்திருக்கு" என்று எனக்குப் பின்னால் ஒருவர் சொன்னார். மரியதாஸ் அண்ணைக்குத் தூக்கிய சிலரே தலை குனிந்தார்கள். தோற்ற பிறகும் எங்கள் தலையில் மிளகாய் அரைக்கிறான் என்று பல்லைக் கடித்தேன்.

தில்லை அக்கா உறையைப் பிரித்தார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, தட்டுச் சீட்டை வாசிக்கிற மாதிரி மேலிருந்து கீழே விரலை ஓட்டிக்கொண்டு வந்தார். கையெழுத்துக்குப் பக்கத்தில் விரல் நின்றது.

"மாசி மூண்டாம் திகதி" என்றார்.

"ஓம், அதைத்தானே சொல்லுறன்" என்றார் பாலேந்திரன்.

"இண்டைக்குப் பங்குனி பதினைஞ்சு." அவர் கண்ணாடியைக் கழற்றினார். குரல் உயரவே இல்லை. "நாப்பது நாள். நாப்பது நாளும் இது உங்கட பையுக்கையோ கிடந்தது அண்ணை?"

பாலேந்திரன் மைக்கை மேசையில் வைத்தார். மிதுஷா குனிந்து எழுதினாள், முப்பத்தொன்று, முப்பத்திரண்டு.

சந்திரமதி கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தாள். கடிதத்தை வாங்கித் தேதியைப் பார்த்தாள். பாலேந்திரனைப் பார்க்கவே இல்லை. ஒரு கடிதத்தால் மட்டும் அனுமதி கிடைத்துவிடாது என்று அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அதை மடித்து அக்காவிடம் கொடுத்துவிட்டு, நேரே என்னிடம் வந்தாள்.

"கௌரி அக்கா" என்றாள். "என்ரை தையல் மெஷினை நாளைக்குக் கொண்டுவாங்கோ."