கணக்கு டீச்சர் பேசாமல் இருந்தது

நாளிதழில் மாவட்டப் பக்கம் பார்த்து ஓய்வு பெற்றவன் நான். ஆசிரியர் சங்கம் என்னைக் கூப்பிட்டது ஒரே ஒரு வேலைக்கு: குறிப்பெடுக்கக் கற்றுத் தர வேண்டும். மெமோ வாங்கிய ஆசிரியருக்கு விளக்கக் கடிதம் எழுத உதவுவது, விசாரணைக்குத் துணையாகப் போவது, அலுவலகத்தில் அவர் பக்கம் நிற்பது என்று சங்கத்தின் வட்டாரப் பிரதிநிதிகளுக்குச் சில பொறுப்புகள் உண்டு. புதிதாகத் தேர்வானவர்களுக்கு ஒரு சனிக்கிழமை பயிற்சி வைத்திருந்தார்கள். காலையில் விதிகளைப் பற்றி ஒரு வழக்கறிஞர் பேசினார். மதியம் என் முறை.

இடம், வல்லக்கோட்டை போகும் சாலையில் ஒரு கல்யாண மண்டபத்தின் சாப்பாட்டுக் கூடம். மறுநாள் முகூர்த்தம் இருந்ததால் பக்கத்து அறையில் சமையல்காரர்கள் சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார்கள். மணிமங்கலத்திலிருந்தும் மறைமலை நகரிலிருந்தும் வந்திருந்த ஆசிரியர்கள் பந்திக்கு உட்கார்வதுபோல் நீள மேசைகளில் வரிசையாக உட்கார்ந்து, கண்ணைத் துடைத்தபடி எழுதினார்கள்.

முதல் பயிற்சியாக ஒரு கற்பனை மெமோவைக் கொடுத்தேன். அனுமதியின்றி வகுப்பை விட்டுச் சென்றதாக ஓர் ஆசிரியர் மீது குற்றச்சாட்டு. அவருக்காக விளக்கம் எழுத வேண்டும். தாள்களை வாங்கிப் பார்த்தால் முக்கால்வாசி ஒரே கடிதம். “நான் செய்தது தவறு. இனி இவ்வாறு நடக்காது என உறுதி கூறுகிறேன்.” வீட்டுப்பாடம் செய்யாத பிள்ளைகளிடம் எழுதி வாங்குவார்களே, அதே கடிதம். பணிவான வணக்கம், இடப்பக்கம் ஓரம், அழகான கையெழுத்து, எதிலும் குறையில்லை.

“அவர் வெளிய போனாரா இல்லையான்னே நமக்குத் தெரியாதே?” என்றேன்.

“மெமோவே குடுத்துட்டாங்களே சார்!” என்றார் பின்வரிசையில் ஒருவர்.

சிரித்துவிட்டார்கள். அவர்களோடு சேர்ந்து அவரும் சிரித்தார். எனக்கு அந்தக் கூட்டத்தைப் பிடித்துப்போனது அப்போதுதான்.

இடைவேளையில், புதுப் பிரதிநிதிகளில் ஒருவரான கணக்கு டீச்சர் என்னிடம் வந்தார். ஐம்பது வயதைத் தாண்டியவர். ஒரகடம் பக்கத்து விவசாயக் குடும்பம். அவர் தம்பிகள் இருவரும் இப்போது கம்பெனி வேலையில் இருக்கிறார்கள். கூடவே ஓர் இளம் ஆசிரியை. வேலைக்காகத் திருநெல்வேலிப் பக்கமிருந்து வந்து, தனியாக அறை எடுத்துத் தங்கியிருப்பவர்.

“கூட்டிகினே வந்துட்டேன் சார். நெஜ மெமோ. திங்கக்கெழம லெட்டரோட நேர்ல வரச் சொல்லிக்கீறாங்க. நீங்க ஒரு தபா பாத்துட்டா முடிஞ்சிது.”

கடிதத்தை வாங்கிப் படித்தேன். ‘பல நாட்கள் பள்ளிக்குத் தாமதமாக வந்தது உண்மை. இனி இவ்வாறு நடக்காது.’ கணக்கு டீச்சர் சொல்லச் சொல்ல இளம் ஆசிரியை எழுதியது. அவருடைய தகுதிகாண் பருவம் முடிய இரண்டு மாதமே இருந்தது. கைப்பட எழுதிய அந்த ஒப்புதல் கோப்பில் சேர்ந்தால் வேலை நிரந்தரமாகும் உத்தரவு நின்றுபோகலாம். இதைச் சொன்னதும் இளம் ஆசிரியை கணக்கு டீச்சரைப் பார்த்தார். கணக்கு டீச்சர் என்னைப் பார்த்தார்.

“நான் கேட்டேன் சார். லேட்டா வந்தியா, இல்லியான்னேன். வந்தேன்னுச்சு. அப்பால இன்னா கேக்கறது?”

அடுத்த பயிற்சி அதற்கே பொருந்தியது. இரண்டிரண்டு பேராக உட்கார வேண்டும். ஒருவர் ஐந்து நிமிடம் பேசுவார். மற்றவர் கேள்வி கேட்கக் கூடாது, திருத்தக் கூடாது, ‘அதான் தெரியுமே’ என்று தலையாட்டக் கூடாது. சொன்னதைச் சொன்னபடி எழுத வேண்டும், அவ்வளவுதான். நிருபர்களுக்கு இது முதல் மாதப் பாடம். ஆசிரியர்களால் ஒரு நிமிடம்கூட முடியவில்லை. ஒருவர், எதிரில் இருந்தவரின் வாக்கியத்தைத் தானே முடித்து வைத்தார். இன்னொருவர் “பஸ்ஸுன்னு எழுதவா, பேருந்துன்னு எழுதவா?” என்று நிறுத்திக் கேட்டார்.

“நான் கேக்காம இது எப்பிடி சார் பதில் சொல்லும்?” என்றார் கணக்கு டீச்சர்.

“அஞ்சு நிமிஷம் சும்மா இருங்க டீச்சர்.”

“இருபத்தாறு வருச சர்வீஸ்ல அஞ்சு நிமிசம் சும்மா இருந்ததில்ல சார்.”

ஆனாலும் உட்கார்ந்தார். முதல் இரண்டு நிமிடம் இளம் ஆசிரியை ஒன்றும் சொல்லவில்லை. கணக்கு டீச்சர் இடது கையால் வாயைப் பொத்திக்கொண்டார். நான் பக்கத்து மேசையில் இருந்தேன். அவர் முகம் சிவந்துகொண்டு வந்தது.

பிறகு இளம் ஆசிரியை பேச ஆரம்பித்தார். “மொத பஸ்ஸுல வந்தா ஏழே முக்காலுக்கே எறங்கிருவேன் டீச்சர். கேட்டு எட்டே முக்காலுக்குத்தான் தொறப்பாங்க. சாவி எச்.எம். கிட்ட மட்டுந்தான் இருக்கு. கம்ப்யூட்டர் திருட்டுப் போனதுக்கப்புறம் வீட்டுக்குக் கொண்டுபோயிருவாங்க. ஒரு மணி நேரம் வாசல்லதான் நிக்கணும். எதுக்க டீக்கடை. நைட் ஷிப்ட் முடிச்சவங்க வண்டிக்கு நிப்பாங்கல்லா. யாரும் ஒண்ணும் செய்யல. பாத்துக்கிட்டே இருப்பாங்க. ஒரு ஆளு மட்டும் தெனம் பக்கத்துல வந்து, யாருக்கு வெயிட் பண்றீங்கன்னு கேப்பான். நான் ரெண்டாவது பஸ்ஸுக்கு மாறிட்டேன். அது கம்பெனி பஸ்ஸுங்களோட ஜங்ஷன்ல மாட்டிக்கிட்டா, பெல்லடிச்ச பெறகுதான் வரும்.”

மணி பார்த்தேன். ஐந்து நிமிடம் தாண்டியிருந்தது. கணக்கு டீச்சர் நிறுத்தவில்லை.

எழுதியதைத் திரும்பப் படித்தார். கணக்குப் போடுகிறவர்போல் நான்கு நேரங்களை ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதினார்: முதல் பேருந்து, கேட், இரண்டாம் பேருந்து, பள்ளி மணி. அப்புறம் பேனாவை வைத்துவிட்டார்.

“அந்த எச்.எம்.மும் நம்ம சங்கந்தான் சார். என்னைச் சங்கத்துல சேத்ததே அவங்கதான். ஒரே ஸ்கூல்ல எட்டு வருசம் ஒண்ணா இருந்தோம். நான் போயி அவங்களுக்கு எதிர்ல குந்திகினு, சாவி உங்களாண்டதானே இருந்துச்சுன்னு எப்பிடிக் கேப்பேன்?”

எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். ஒரே பிரதிநிதி இரண்டு பக்கமும் நிற்க முடியாது. தலைமை ஆசிரியைக்கு வேண்டுமானால் சங்கம் வேறொருவரை அனுப்பும். இவர் இந்தப் பெண்ணோடு போவதானால், என்ன சொல்லப்போகிறார்கள் என்பதைத் தலைமை ஆசிரியையிடம் முன்கூட்டியே சொல்லிவிடுவது மரியாதை. ஆனால் அதற்கு இந்தப் பெண்ணின் சம்மதம் வேண்டும்.

கணக்கு டீச்சர் அந்தப் பெண்ணின் பக்கம் திரும்பினார். “அவங்களாண்ட நான் சொல்லலாமாம்மா?”

இளம் ஆசிரியை யோசித்தார். “பஸ்ஸு நேரம், கேட்டு, சாவி எல்லாம் சொல்லுங்க டீச்சர். டீக்கடை விஷயம் மட்டும் வேண்டாம். அது எங்க வீடு வரைக்கும் போச்சுன்னா, நீ அங்க இருக்கவே வேண்டாம், வந்துருன்னுருவாங்க.”

அந்த டீக்கடைதான் இருந்ததிலேயே வலுவான காரணம். எங்கள் மூவருக்கும் அது தெரியும். கணக்கு டீச்சர் தன் குறிப்பில் அந்த வரிகளைச் சுற்றிக் கட்டம் போட்டு, தாளை நான்காக மடித்துக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டார். பழைய கடிதத்தைக் கிழிக்கச் சொல்லிவிட்டுப் புதிதாக ஒன்று எழுதினார்கள். இம்முறை வாக்கியங்களைச் சொன்னது இளம் ஆசிரியை.

திங்கட்கிழமை விசாரணை அறையில் நான் இல்லை. நடந்ததை இரண்டு பேரும் தனித்தனியாக என்னிடம் சொன்னார்கள். இருவர் சொன்னதும் பொருந்திய இடங்களை மட்டும் எழுதுகிறேன். டீக்கடை பற்றி எழுதலாம் என்று அந்தப் பெண் சொன்ன பிறகே அதையும் எழுதுகிறேன்.

விசாரணை நடத்திய கல்வி அலுவலர் கடிதத்தைப் படித்தார். தலைமை ஆசிரியையும் அறையில் இருந்தார். ஞாயிற்றுக்கிழமையே கணக்கு டீச்சர் அவர் வீட்டுக்குப் போய்ச் சொல்லிவிட்டு வந்திருந்தார். காபி கொடுத்தாராம், அதிகம் பேசவில்லையாம்.

“ஒரு மணி நேரம் முன்னாடி வந்தா நல்லதுதானேம்மா?” என்றார் அலுவலர். “வாசல்ல நிக்கறதுல என்ன கஷ்டம்? டீச்சர்னா கொஞ்சம் அனுசரிக்கணும்.”

பதில் கணக்கு டீச்சரின் கைப்பைக்குள் நான்காக மடித்து இருந்தது. அவர் பேசவில்லை. அலுவலரின் கேள்வியை நோட்டில் அப்படியே எழுதினார். அடியில் ஒரு கோடு போட்டார். அதன் அடியில் இன்னொரு கோடு. நோட்டைப் பிறகு நான் பார்த்தேன், இரண்டாவது கோட்டில் தாள் கிழிந்திருந்தது.

பிறகு, விசாரணை நடுவே தனியாகப் பேச நேரம் கேட்கலாம் என்று சனிக்கிழமை காலை வழக்கறிஞர் சொன்னது ஞாபகம் வந்திருக்கிறது. “சார், ரெண்டு நிமிஷம் வெளியே போய்ப் பேசிட்டு வரலாமா?” என்று கேட்டார். அலுவலர் சரி என்றார்.

வராந்தாவில், “கேட்டியாம்மா? சொல்லணும்னா சொல்லலாம். வேணாம்னா நான் வேற மாதிரி பேசிப் பாக்கறேன். தோத்தாலும் பரவால்ல, மேல எழுதிப் போடலாம். உன் இஷ்டம்,” என்றார் கணக்கு டீச்சர்.

“வீட்டுல கேட்டா?”

“உங்கம்மாவாண்ட வேணும்னா நான் பேசறேன். பேசறதுல எனக்கு இன்னா கஷ்டம்?”

அந்தப் பெண் சிரித்துவிட்டார். “அப்போ நானே சொல்லுதேன் டீச்சர்.”

உள்ளே போய்ச் சொன்னார். அலுவலரிடம்தான் சொன்னார், ஆனால் பார்த்தது தலைமை ஆசிரியையை. ஒரு மணி நேரம் நிற்பது, எதிர்க் கடை, தினமும் பக்கத்தில் வந்து கேட்கிற ஆள். சொல்லி முடிக்கும்வரை யாரும் குறுக்கே பேசவில்லை. கணக்கு டீச்சர் குனிந்து எழுதிக்கொண்டே இருந்தார்.

“என்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கக் கூடாதாம்மா?” என்றார் தலைமை ஆசிரியை.

“புதுசா வந்தவ, எப்படிச் சொல்லன்னு இருந்துட்டேன் மேடம்.”

அலுவலர் கடிதத்தை மறுபடி படித்தார். பிறகு விளக்கம் ஏற்கப்பட்டு நடவடிக்கை கைவிடப்படுகிறது என்று கோப்பில் எழுதிக் கையெழுத்துப் போட்டார். பேருந்து நேரத்தையும் கேட்டைத் திறக்கும் நேரத்தையும் சரிபார்க்கும்படி தலைமை ஆசிரியையிடம் சொன்னார்.

வெளியே வந்ததும் தலைமை ஆசிரியை கைப்பையைத் திறந்து சாவிக்கொத்தை எடுத்தார். கேட் சாவி இறுகிப்போயிருந்தது. வளையத்திலிருந்து கழற்ற நகம் போதாமல் கணக்கு டீச்சரின் ஹேர்பின்னை வாங்கிக் கழற்றினார். “நாளைக்கு நீயே தொறந்துடும்மா. நான் எனக்கு வேற ஒண்ணு அடிச்சிக்கறேன்,” என்று கொடுத்தார். அதற்குப் பிறகு மூவரும் கொஞ்ச நேரம் சும்மா நின்றார்களாம்.

பேச்சை ஆரம்பித்தது கணக்கு டீச்சர்தான்.

“உள்ள போனதும் தாப்பா போட்டுக்கோம்மா.”