தராசில் ஏற்றிய சீர்

என் அலமாரியில் நீல நிறக் கோப்பு ஒன்று இருக்கிறது. விலை உயர்ந்த டிஸ்க் பிளேயர்களின் விவரத்தாள்களை இருபது வருடமாக அதில் சேர்த்து வைத்திருக்கிறேன். எந்த பிளேயர் எத்தனை கிலோ, எத்தனை வாட் கரண்ட் இழுக்கும், பாட்டுக்கும் பின்னணி இரைச்சலுக்கும் நடுவே எத்தனை டெசிபல் இடைவெளி என்று கேட்டால் தூக்கத்திலும் சொல்வேன். அவற்றில் ஒன்றுகூட என்னிடம் இருந்ததில்லை. புதுக்கோட்டையில் ஒரு பாலிடெக்னிக்கில் ஆய்வக உதவியாளராக இருக்கிறவனுக்குத் தாள்தான் கட்டுப்படியாகும். ஆனால் எங்கள் வாட்ஸ்அப் குழுவில் நான்தான் நீதிபதி. யாராவது பழைய பிளேயர் வாங்கப் போனால், அசலா போலியா என்று என்னிடம்தான் கேட்பார்கள். நானும் தாளை எடுத்துப் பார்த்து ஒரே வார்த்தையில் தீர்ப்புச் சொல்லிவிடுவேன். அந்தத் திமிர் என்னைக் கொண்டுபோய் நிறுத்திய இடத்தை நினைத்தால் இன்றைக்கும் உடம்பு கூசுகிறது.

போன தை மாதம் எங்கள் வீட்டுக்குப் புதுமனை புகுவிழா. மனைவியின் அண்ணன் கீரமங்கலத்துக்காரர். துபாயில் ஏசி மெக்கானிக்காக இருந்துவிட்டு, வேலையை முடித்துக்கொண்டு அந்த வாரம்தான் ஊர் திரும்பியிருந்தார். தெருமுனையிலிருந்து மேளத்தோடு அவருடைய சீர் வந்தது. குத்துவிளக்கு, வேட்டி சேலை, பழத்தட்டுகள், எல்லாவற்றுக்கும் பின்னால் மச்சான் ஒரு பெரிய அட்டைப்பெட்டியைத் தானே தோளில் சுமந்து வந்தார். பெட்டிக்குச் சந்தனம் குங்குமம் எல்லாம் வைத்திருந்தார்கள். அதில் அச்சடித்திருந்த பெயரை இரண்டு தடவை படித்தேன். என் கோப்பின் முதல் தாளில் இருக்கிற பிளேயர். என்றைக்கோ போனில் நான் உளறியதை அவர் ஞாபகம் வைத்திருக்கிறார்.

அந்த நிமிடமே அவரைக் கட்டிப்பிடித்திருக்க வேண்டும். நானோ உள்ளே போய்க் கோப்பை எடுத்து வந்தேன்.

பெட்டியைப் பிரித்து, பிளேயரோடு வந்த கையேட்டையும் என் தாளையும் அருகருகே வைத்துப் பார்த்தேன். என் தாளில் எடை பதினைந்தரை கிலோ, கையேட்டில் பதிமூன்று. என் தாளில் 117 டெசிபல், கையேட்டில் 110. பின்பக்கம் ஒட்டியிருந்த வாட் கணக்கும் வேறு. கூடம் நிறைய இரண்டு பக்கத்து உறவுக்காரர்களும் நின்றார்கள். குழுவில் தீர்ப்புச் சொல்லிப் பழகிய வாய் சும்மா இருக்குமா?

“மச்சான், ஒங்கள நல்லா ஏமாத்திட்டாய்ங்க. இது டூப்ளிகேட்டு.”

பெரிய கடையில் பில் போட்டு வாங்கியது, நிதானமாகப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று அவர் சிரித்துக்கொண்டே சொன்னார். மனைவி என் சட்டையைப் பிடித்து இழுத்தாள். தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கிற ஆளாக இருக்கிறாரே என்று என் சித்தப்பா சொல்ல, நாலைந்து பேர் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பில் எனக்கு வீம்பு ஏறிவிட்டது. கொல்லையில் சமையல்காரர்கள் காய்கறி நிறுக்க வைத்திருந்த தராசைத் தூக்கிவந்து நடுக்கூடத்தில் வைத்தேன். அதன் மேல் பிளேயரை ஏற்றினேன். பதிமூன்று கிலோ நூறு கிராம் காட்டியது. என் தாளை உயர்த்திப் பிடித்து, கிட்டத்தட்ட இரண்டரை கிலோ குறைகிறது பாருங்கள் என்று எல்லோருக்கும் காட்டினேன். ஜெயித்துவிட்ட சந்தோஷம் எனக்கு.

எங்கள் பக்கத்தில் பெண்டாட்டி வீட்டுச் சீரைக் குறை சொல்வதே கேவலம். நான் கத்திரிக்காய் நிறுத்த தராசில் வைத்து எடை போட்டிருக்கிறேன். மச்சான் முகத்தில் ஈயாடவில்லை. துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். மாடியில் இலை போட்டு அவருக்காகக் காத்திருந்தார்கள். அவசர வேலை என்று தங்கையிடம் மட்டும் சொல்லிவிட்டுப் பஸ் ஏறிப் போய்விட்டார். எங்கள் புது வீட்டில் அவர் கை நனைக்கவே இல்லை.

மனைவி என்னோடு சண்டை போடவில்லை. பிளேயரைப் பெட்டியில் வைத்து, பழைய சேலையால் சுற்றிப் பீரோவுக்கு மேலே ஏற்றிவிட்டாள். அதன்பிறகு அண்ணனிடமிருந்து போன் வந்தால் மொட்டை மாடிக்குப் போய்ப் பேசுவாள்.

அப்போதும் எனக்குப் புத்தி வரவில்லை. போலியைக் கண்டுபிடித்தவன் என்கிற பெருமையோடு, அந்தக் கம்பெனிக்கே ஒரு மெயில் எழுதினேன். மூன்றாவது வாரம் பதில் வந்தது. அந்த வரிசை எண் அவர்களுடையதுதான், பிளேயர் அசல். என்னிடம் இருந்த தாள், பிளேயர் விற்பனைக்கு வருவதற்கு முன்பே, வெள்ளோட்டத்துக்குச் செய்த ஒன்றை வைத்து அச்சடித்தது. டெசிபல் கணக்கில் ஒன்று காதுக்குக் கேட்கிற அளவுக்கு வடிகட்டி அளந்தது, இன்னொன்று வடிகட்டாமல் அளந்தது. அதன் பிறகு இணையத்தில் தேடிப் பார்த்தேன். நாலு நாட்டில் நாலு தாள் போட்டிருக்கிறார்கள், எடை நாலு விதம். ஒன்றில் அட்டைப்பெட்டியையும் சேர்த்து நிறுத்திருக்கிறார்கள். கடைசியில் என் தாளைத் திருப்பினேன். பின்பக்கம் அடியில், எறும்பு ஊர்ந்தது மாதிரி, இந்த விவரங்கள் முன்னறிவிப்பின்றி மாறக்கூடும் என்று ஒரு வரி. இருபது வருடத்தில் அதை ஒரு தடவைகூட நான் படித்ததில்லை. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்கள். என் ஏடும் சரியில்லை.

அன்றைக்கே கீரமங்கலத்துக்கு ஓடியிருக்க வேண்டும். இரண்டு மாதம் போகவில்லை. மனைவியிடமும் மூச்சு விடவில்லை. குழுவில் யாரோ ஒருவர் எடை பற்றிக் கேட்டபோதுகூடப் பழைய தோரணையில்தான் பதில் போட்டேன்.

எங்கள் நாலு வயது மகளுக்குக் காது குத்த நாள் குறித்தோம். தாய்மாமன் மடியில் உட்கார வைக்காமல் எப்படிக் குத்துவது? அண்ணன் வருவாரா என்கிற கவலையில் மனைவிக்குச் சோறு இறங்கவில்லை. அதன் பிறகுதான் நான் கிளம்பினேன். இதை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன்: வெட்கப்பட்டுப் போகவில்லை, தேவைப்பட்டுப் போனேன்.

மச்சான் மல்லிகைத் தோட்டத்தில் மோட்டாரைப் பிரித்துப் போட்டு வேலை பார்த்துக்கொண்டிருந்தார். கையைக் கழுவிக்கொண்டு வந்து, வாங்க என்று கூப்பிட்டு, குடிக்கத் தண்ணீர் கொடுத்தார். நான் பையிலிருந்து காகிதங்களை எடுத்தேன். கம்பெனியின் பதில், நாலு நாட்டுத் தாள்கள், எல்லாவற்றையும் பிரிண்ட் எடுத்து மஞ்சள் மையில் கோடு போட்டு வைத்திருந்தேன். பிளேயர் அசல்தான் என்று ஒவ்வொன்றாகக் காட்டி விளக்கினேன். அவர் குறுக்கே பேசாமல் கேட்டார்.

“பாட்டு எப்புடி இருக்கு மாப்ள?” என்றார்.

அதை இன்னும் பிளக்கில்கூடச் சொருகவில்லை என்று சொன்னேன்.

அவர் காகிதங்களை அடுக்கி என்னிடமே திருப்பிக் கொடுத்தார். “ஏர்போர்ட்டுலயும் இத எட போட்டாய்ங்க. இதுக்கு எடங் குடுக்க எஞ் சாமானுல பாதிய அங்கிட்டே விட்டுட்டு வந்தேன். அப்ப ஒன்னும் தோணல. எந் தங்கச்சி வீட்டுல போட்டீங்க பாருங்க...” முடிக்காமல் தோட்டத்துப் பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார்.

மன்னித்துக்கொள்ளுங்கள் என்றேன். காகிதத்தைக் காட்டுவதற்கு முன்னால் சொல்லியிருக்க வேண்டிய வார்த்தை.

“இந்தப் பேப்பரு வரலைன்னா வந்திருப்பீங்களா?”

காகிதங்களைப் பைக்குள் திணித்தேன். அவர் பதில் கேட்டு வற்புறுத்தவில்லை. காதுகுத்துக்கு வருவேன், மருமகளுக்காக வருவேன் என்று மட்டும் சொன்னார்.

சொன்னபடி வந்தார். கோயிலில் மகள் அவர் மடியில் உட்கார்ந்து அலறினாள். அவர் அவள் கண்ணைத் துடைத்து, வாயில் வாழைப்பழத்தைப் பிட்டு வைத்தார். வெகுநாளைக்குப் பிறகு மனைவி வாய்விட்டுச் சிரித்தாள். எனக்கும் மனசு லேசானது, எல்லாம் சரியாகிவிட்டது என்றே நினைத்தேன். சீர்த்தட்டை வாங்க எழுந்து போனேன்.

தேங்காய், பழம், பாவாடை சட்டை, சிவப்புப் பெட்டியில் ஒரு ஜோடித் தோடு. தோட்டுக்குப் பக்கத்தில் நகைக்கடையின் எடைச்சீட்டு விரித்து வைத்திருந்தது. காற்றில் பறக்காமல் இருக்க அதன் மேல் ஒரு கொட்டைப்பாக்கு. சீர்த்தட்டில் எடைச்சீட்டு வைத்து எங்கள் பக்கத்தில் நான் பார்த்ததே இல்லை.

“சரியா இருக்கான்னு பாத்துக்கங்க மாப்ள” என்றார். குரலில் கோபமே இல்லை, மரியாதையாகத்தான் சொன்னார். என் மனைவி பக்கத்திலேயே நின்று அதைக் கேட்டுக்கொண்டிருந்தாள்.