"தெரியவில்லை" என்று அம்மா எழுதிய பெயர்

அம்மாவின் அடக்க ஆராதனையில், குடும்பத்தார் உட்காரும் முன்வரிசையில், அப்பாவுக்கும் எனக்கும் நடுவே ஒரு பெண் உட்கார்ந்து அழுததை நீங்கள் எல்லாரும் பார்த்தீர்கள். சிலர் அவள் யாரென்று என்னிடமே கேட்டீர்கள். மற்றவர்கள் சாப்பாட்டு மேசைகளில் உங்களுக்குள் பேசிக்கொண்டீர்கள். "அந்த மூக்கப் பாருங்க, அப்படியே அவங்கதான்" என்று ஒருவர் சொன்னது என் காதிலும் விழுந்தது. எனக்குக் கோபம் வரவில்லை. உங்களுக்கெல்லாம் முன்பே, உங்களைவிட மோசமாகச் சந்தேகப்பட்டவள் நான். ஓராண்டு நினைவுநாளில் இந்த நினைவு மலரை வாங்கும் உறவினரும் நண்பரும் உண்மையைத் தெரிந்துகொள்ளட்டும் என்று அப்பா சொன்னதால் எழுதுகிறேன்.

அம்மா நாங்குநேரிக்குத் தெற்கே ஒரு சிற்றூரில் பள்ளி ஆசிரியரின் மூத்த மகளாகப் பிறந்தார். பதினான்கு வயதில் தகப்பனை இழந்தார். பின்னால் மூன்று தம்பிகள். நர்சிங் படித்தது ஆசையால் அல்ல, விடுதியில் மூன்று வேளையும் சாப்பாடு போடுவார்கள் என்பதால்தான் என்று அவரே ஒளிக்காமல் சொல்வார். மூன்று ஊர்களில், மூன்று ஆஸ்பத்திரிகளில் பிரசவ வார்டில் வேலை பார்த்துத் தம்பிகளைப் படிக்க வைத்தார். அப்பாவை மணந்தபோது அம்மாவுக்கு இருபத்தேழு வயது. பிறகு நியூ ஜெர்சி வந்து, இங்கே நர்ஸ் உரிமத் தேர்வை இரண்டாம் முறை எழுதித் தேறி, மறுபடியும் பிரசவ வார்டுக்கே போனார். சனிக்கிழமைகளில் எடிசன் நகரில் ஒரு பள்ளிச் சாப்பாட்டுக் கூடத்தை வாடகைக்கு எடுத்து நடத்திய தமிழ் வகுப்பில் பிள்ளைகளுக்கு அ, ஆ எழுதக் கற்றுக்கொடுத்தார்.

நீங்கள் பார்த்த அந்தப் பெண்தான் ஹானா. எனக்குப் பதினான்கு வயதாக இருந்தபோது அந்த வகுப்புக்கு வந்தாள். பென்சில்வேனியாவில் ஒரு வெள்ளைக்காரத் தம்பதி வளர்த்த பெண். கைக்குழந்தையாகத் தமிழ்நாட்டிலிருந்து தத்தெடுக்கப்பட்டவள். இருபத்தொரு வயதில் தன்னைப் பெற்றவரைத் தேடத் தொடங்கி, கையில் கிடைத்த ஒரே காகிதத்தைப் படித்துக்காட்ட ஆள் தேடி எங்களிடம் வந்திருந்தாள். ஆஸ்பத்திரிப் பதிவேட்டின் ஒரு பக்கம், நகல் எடுத்தது.

அம்மா அதை வாங்கிப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடியும் பார்த்தார். எழுத்து மங்கலாக இருக்கிறது, வைத்துவிட்டுப் போ, வீட்டில் நல்ல வெளிச்சத்தில் படித்துச் சொல்கிறேன் என்று ஆங்கிலத்தில் சொன்னார்.

நான் அம்மாவின் தோளுக்குப் பின்னால் நின்றிருந்தேன். எழுத்து மங்கலாக இல்லை. "தாயின் பெயர்: தெரியவில்லை" என்று என்னாலேயே படிக்க முடிந்தது. அந்த "லை"யை யானைத் துதிக்கை போல வளைத்துப் போட்டிருந்த விதம் எனக்குத் தெரியும். என் கையைப் பிடித்து எழுதப் பழக்கிய கை அது. அம்மா பொய் சொல்லி நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

அன்று ஹானா வகுப்புப் பிள்ளைகளிடம், உங்கள் அம்மாவைப் பற்றி ஒரே ஒரு விஷயம் சொல்லுங்கள் என்று கேட்டாள். பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். கடைசியில் ஒரு சிறுமி, "எங்க அம்மா காம்ரி கார் ஓட்டுவாங்க" என்றாள். எல்லாரும் சிரித்தார்கள், ஹானாவும்தான். பிறகு, "எனக்கு அந்த ஒரு வரிகூடக் கிடைக்கவில்லை" என்றாள்.

மறுவாரமே அம்மா ஒரு கட்டுரைப் போட்டியை அறிவித்தார். தலைப்பு, "என் அம்மாவைப் பற்றி எனக்குத் தெரிந்தது." தமிழில் எழுத வேண்டும். பெயர் போடக்கூடாது, எண் மட்டும். வகுப்பின் செயலாளர் சுந்தரம் அங்கிளுக்கு இது பிடிக்கவில்லை.

"சிஸ்டர், அந்தப் பொண்ணு யாரு என்னன்னே நமக்குத் தெரியாது. நாளைக்கு ஏதாவது லீகல் ப்ராப்ளம் வந்தா க்ளாஸுக்குத்தான் கெட்ட பேரு. எதுக்கு வந்திருக்கான்னு விசாரிச்சீங்களா?"

"கட்டுரைப் போட்டிதான அண்ணாச்சி. பிள்ளைங்க நாலு வரி தமிழ் எழுதட்டும்" என்றார் அம்மா.

ஹானாவை அவர் சந்தேகப்பட்டார். நானோ அம்மாவைச் சந்தேகப்பட்டேன். ஹானாவும் வாராவாரம் வந்து சின்னப் பிள்ளைகளோடு உட்கார்ந்து எழுதப் பழகினாள். அம்மாவின் கைப்பையில் நீல நிற ஏர்மெயில் தாள்கள் சேர்ந்தன. அவை வீட்டு முகவரிக்கு வராமல் அம்மா வேலை பார்த்த ஆஸ்பத்திரி முகவரிக்கு வந்தன. சனிக்கிழமை காலைகளில் டெலிபோனின் நீண்ட ஒயரை இழுத்துக்கொண்டு அம்மா கார் நிறுத்தும் கராஜுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். இந்தியக் கடைகள் இருக்கும் ஓக் ட்ரீ ரோட்டில் ஒரே மாதிரி இரண்டு சுடிதார் எடுத்தபோது, ஒன்று என் அளவுக்குப் பெரியதாக இருந்தது. ஹானா பிறந்த ஆண்டைக் கணக்கு நோட்டின் பின்பக்கம் எழுதிக் கழித்துப் பார்த்தேன். அப்போது அம்மாவுக்கு இருபத்து நான்கு. கல்யாணம் ஆகவில்லை. அதன் பிறகு ஹானாவின் மூக்கையும் காது மடலையும் பார்க்காமல் என்னால் இருக்க முடியவில்லை.

அப்பாவிடம் போனேன். "அம்மா எதையோ மறைக்கிறாங்க. நீங்க கேக்க மாட்டீங்களா?"

அப்பா செய்தித்தாளை மடித்தார். "சொல்லக்கூடியதுன்னா அவளே சொல்லுவா. சொல்லலன்னா, அது அவ விஷயம் இல்ல, வேற யாரு விஷயமோ."

அந்தப் பதிலின் அர்த்தம் எனக்குப் புரியவில்லை. அப்பாவும் கூட்டு என்றுதான் நினைத்தேன். அந்த ஆத்திரத்தில் போட்டிக்கு ஒரு கட்டுரை எழுதினேன். எண் பதினேழு. "என் அம்மா நன்றாகச் சமைப்பார். என் அம்மா மற்றவர்களின் குழந்தைகளைக் குளிப்பாட்டுவார். என் அம்மா பொய் சொல்வார். என் அம்மாவுக்கு என்னைத் தவிர இன்னொரு மகள் இருக்கிறாள் என்று நினைக்கிறேன்."

நடுவர்களாக அம்மாவும் சுந்தரம் அங்கிளும் மேசையில் உட்கார்ந்திருந்தார்கள். நான் நாற்காலிகளை அடுக்குவது போல அருகிலேயே நின்றேன். அங்கிள் ஒவ்வொன்றாக உரக்கப் படித்துக்கொண்டு வந்தார். பதினேழாவதைப் பாதி படித்ததும் குரல் தானாக இறங்கிவிட்டது.

"என்ன சிஸ்டர் இது? யாரு வீட்டுப் பிள்ளை? பேரண்ட்ஸ் கிட்டச் சொல்லணும்."

அம்மா தாளை வாங்கி முழுவதும் படித்தார். "சொல்லியாச்சு அண்ணாச்சி. இது எம்மவ எழுதுனது" என்றார். தாளை மடித்துக் கைப்பையில் வைத்தார். அடுத்த கட்டுரையைப் படிக்கச் சொன்னார்.

திரும்பும் வழியில், ஐசலினில் ஒரு பலசரக்குக் கடையின் பார்க்கிங்கில் காரை நிறுத்தினார்.

"ஏட்டி, இப்பக் கேளு. எதக் கேக்கணுமோ கேளு."

"ஹானா உங்க பொண்ணா?"

"இல்ல." ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே இருந்தார். "எம்பிள்ளையா இருந்தா விட்டிருக்க மாட்டேன்னு சொல்ல வாய் வருது. அதச் சொல்ல எனக்கு யோக்கியத இல்ல. அவளப் பெத்தவ நெலமய நான் கண்ணால பாத்தவ."

அந்தப் பெண்ணுக்குப் பதினேழு வயது. தாயோடு வெளியூரிலிருந்து பிரசவத்துக்கு வந்தவள். பிள்ளையைக் கொடுத்துவிட்டுப் போகிற நாளில் அம்மாவின் கையைப் பிடித்து, "அக்கா, எம்பேர எழுதிராதீங்க" என்று கெஞ்சினாள். அம்மாவுக்குப் பெயர் தெரியும், ஊரும் தெரியும். பதிவேட்டில் "தெரியவில்லை" என்று எழுதினார். "அன்னைக்கு நல்லது செஞ்சிட்டதாத்தான் நெனச்சேன். இந்தப் பிள்ள ஒருநாள் அந்தத் தாளத் தூக்கிட்டு என் முன்னாலயே வந்து நிப்பான்னு நெனைக்கலட்டி." ஏர்மெயிலும் கராஜ் டெலிபோனும் அந்தத் தாயைத் தேடிப் பிடிக்கத்தான் என்றார்.

நான் பாதிதான் நம்பினேன். அடுத்த நாள் அம்மா குளிக்கப் போனபோது கைப்பையைத் திறந்து கடைசியாக வந்த ஏர்மெயிலைப் படித்தேன். கையொப்பம் இல்லாத இரண்டு வரி. "நர்ஸக்கா, இனி எழுதாதீங்க. என் வீட்டுக்காரருக்கும் பிள்ளைகளுக்கும் எதுவும் தெரியாது." தாளை இருந்தபடியே மடித்து வைத்தேன். அம்மாவிடம் இதை நான் கடைசிவரை சொல்லவில்லை.

அடுத்த சனிக்கிழமை அம்மா ஹானாவிடம் எல்லாவற்றையும் சொன்னார், பெயரைத் தவிர. ஹானா கத்தினாள். "இத்தனை மாதம் என் எதிரில் உட்கார்ந்து எனக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்தீர்கள். பெயர் உங்கள் தலைக்குள்ளேயே இருந்தது!" ஹானா காரில் ஏறிப் போய்விட்டாள். அம்மா செய்தது சரியா தவறா என்று இன்றுவரை என்னால் சொல்ல முடியவில்லை. அம்மாவாலும் முடிந்ததில்லை.

ஆறு வாரம் கழித்து ஒரு தபால் உறை வந்தது. போட்டி முடிந்து பரிசும் கொடுத்தாகிவிட்டது. உள்ளே ஹானாவின் கட்டுரை, தமிழில், பத்து வரி. "என் அம்மா பெயர் ஜூடித். என் அம்மாவுக்கு மஞ்சல் பூ பிடிக்கும். நான் பள்ளி பஸ்ஸில் வரும்போது என் அம்மா மழையில் நிற்பார். எனக்கு காச்சல் வந்தால் பாடுவார். என்னை பெத்த அம்மா பயப்பட வேண்டாம். நான் கதவை தட்ட மாட்டேன். நான் நன்றாக இருக்கிறேன் என்று மட்டும் சொல்ல வேண்டும்." எல்லாக் கட்டுரைகளையும் சிவப்புப் பேனாவால் திருத்துகிற அம்மா இதில் ஒரு புள்ளிகூட வைக்கவில்லை.

அந்த டிசம்பரில் அம்மா தனியாக இந்தியா போனார். கடைசித் தம்பி கல்யாணத்துக்கு என்று உங்களிடம் சொல்லியிருப்பார். கல்யாணமும் உண்மைதான். ஆனால் அதற்கு முந்தின வாரம், பழைய நர்ஸ் என்று சொல்லிக்கொண்டு ஒரு வீட்டுக்குப் போய், பின்கட்டில் உட்கார்ந்து, அந்தப் பத்து வரியை ஒரு பெண்மணிக்குப் படித்துக் காட்டினார். அவர் இன்னொரு முறை படிக்கச் சொன்னாராம். தாளை வாங்கி வைத்துக்கொண்டார்.

நான்கு மாதம் கழித்து ஒரு சனிக்கிழமை காலை டெலிபோன் அடித்தது. "நர்ஸக்கா இருக்காங்களா?" என்றது ஒரு பெண்குரல். அம்மா ஹானாவுக்குத் தகவல் சொல்லி, அடுத்த வாரம் அவளை எங்கள் வீட்டுக்கு வரவழைத்தார். அந்தப் பெண்மணி மறுபடியும் கூப்பிட்டபோது, சமையலறையில் டெலிபோனோடு இருவருக்கும் நடுவே நின்று, அந்தப் பக்கத் தமிழை ஆங்கிலத்திலும் இந்தப் பக்க ஆங்கிலத்தைத் தமிழிலும் சொன்னார். முதல் தடவை பேசியது பெரும்பாலும் சாப்பாட்டைப் பற்றித்தான். அதன் பிறகு ஆண்டுக்கு நான்கைந்து முறை பேசினார்கள். நேரில் சந்தித்ததில்லை. பெயரை அவரும் சொல்லவில்லை, ஹானாவும் கேட்கவில்லை.

கணையத்தில் புற்று என்று தெரிந்த பிறகு அம்மா ஏழு மாதம் இருந்தார். கட்டுரைப் போட்டி ஆண்டுதோறும் நடந்துவந்தது; வாரக் கடைசிகளில் ஹானா வந்து அந்த ஆண்டுப் போட்டிக் கட்டுரைகளைக் கட்டிலருகில் உட்கார்ந்து எழுத்துக்கூட்டிப் படிப்பாள். அம்மா கண்ணை மூடியபடியே தவறுகளைத் திருத்துவார். அமைதியாகத்தான் போனார்.

அம்மாவைப் பார்த்துக்கொண்ட சக நர்ஸுகளுக்கும், முறைபோட்டுச் சாப்பாடு கொண்டுவந்த சபைக் குடும்பங்களுக்கும், ஊரிலிருந்து விசா வாங்கி ஓடிவந்த மாமாக்களுக்கும் எங்கள் நன்றி. இந்த மலரில் வரும் இந்த ஆண்டுப் போட்டிக் கட்டுரைகள் முழுவதையும் தட்டச்சு செய்து தந்தவர் சுந்தரம் அங்கிள். அவருக்கும் நன்றி.

பெயர் சொல்லாமல் நன்றி சொல்ல வேண்டிய ஒருவர் இருக்கிறார். அடக்கம் முடிந்த மூன்றாம் வாரம் அவர் கூப்பிட்டார். அம்மா இல்லை என்று நான்தான் சொன்னேன்.

"நர்ஸக்கா எம்பேர யாருட்டயும் சொல்லலியாம்மா?"

"இல்லைங்க. எங்க அப்பாகிட்டகூட இல்ல."

"அப்ப நீ அந்தப் பிள்ளைட்ட சொல்லிரு" என்று தன் பெயரைச் சொன்னார். இனி அவர்களுக்கு நடுவே நான்தான் பேச வேண்டியிருக்கும், என் தமிழ் அரைகுறை என்றேன். "பரவால்ல, மெதுவாச் சொல்லுதேன்" என்றார். நடந்ததை இங்கே எழுதவும் பின்னர் அவரே சம்மதித்தார்.

உடனே ஹானாவைக் கூப்பிட்டேன். அவள் அந்தப் பெயரைத் திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்தாள். நடுவில் ஓர் எழுத்து அவள் நாக்குக்கு வரவில்லை. வரும்வரை நான் லைனிலேயே இருந்தேன்.