மஞ்சள் கொப்பளித்த வாய்

அன்றைக்கு ரவுணில் உள்ள ஆஸ்பத்திரிக்குப் போனது ஐயா, அம்மா, நான். வராதது அண்ணை, நீர்வேலியில் வாழைக்குத் தண்ணி விடுகிற முறை அவருக்கு. வரக்கூடாது என்று சொல்லியும் வந்தது ஐயாவின் கொட்டைப்பெட்டி. வெற்றிலை, பாக்கு, புகையிலை எல்லாம் அதற்குள். போடமாட்டாராம், சும்மா மடியில் கிடக்கட்டுமாம்.

ஐயாவின் இடது கன்னத்தின் உட்புறம் ஒரு வெள்ளைத் திட்டு மாசக்கணக்காக மாறாமல் இருந்தது. அது புற்றுநோயா இல்லையா என்று பார்க்கத்தான் போனோம். கிளினிக்கில் புதிதாக ஒரு லேசர் மெசின். வாய்க்குள் ஊதா வெளிச்சம் விழுத்திப் படம் பிடிக்கும். நல்ல சதை பச்சையாக ஒளிரும், பழுதான இடம் இருட்டாகத் தெரியும். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் முடித்த முதல் ஆள் நான். உரப்பையின் எழுத்திலிருந்து கரண்ட் பில் வரை என்னிடம்தான் வரும். 'லேசர்' என்றதை ஐயா 'லேசு' என்று எடுத்துக்கொண்டார். பயம் குறையட்டும் என்று நானும் திருத்தவில்லை.

முன்னரே தந்த இங்கிலிஷ் தாளில் பக்கம் நிறைய அறிவுறுத்தல். நான் வாசித்து அம்மாவுக்குச் சுருக்கிச் சொன்னேன்: வெற்றிலை கூடாது, வாய் சுத்தமாக இருக்கவேணும்.

ஐயாவைக் கதிரையில் சாய்த்து, கறுப்புக் கண்ணாடி போட்டு, லைட்டை நூர்த்து இருட்டாக்கினார்கள். திரையில் வாய் விரிந்தது. கன்னம், நாக்கு, பல்முரசு எல்லாம் திருவிழாச் சோடினை மாதிரி மஞ்சட்பச்சையாக எரிந்தன. இருட்டு மருந்துக்கும் இல்லை. ஐயா கண்ணாடியைக் கழற்றிப் பார்த்துவிட்டு எழும்ப வெளிக்கிட்டார். டொக்டர் பொம்பிளைப்பிள்ளை மட்டும் சந்தோஷப்படவில்லை.

"ஐயா, காலமை என்னத்தாலை கொப்பளிச்சனீங்கள்?"

பதில் சொன்னது அம்மா, பெருமையோடு. உப்பும் மஞ்சளும் கரைத்த சுடுதண்ணியால் மூன்று தரம். பிறகு மஞ்சளை விரலால் தேய்த்தும் விட்டாவாம். படிச்ச பிள்ளை வாய் சுத்தமாக இருக்கவேணும் என்று சொன்னால் பிறகென்ன.

அந்த வெளிச்சத்தில் மஞ்சளும் ஒளிருமாம். மெசின் பார்த்தது எங்கள் குசினி மஞ்சளைத்தான். டொக்டர் தாளின் ஏழாவது வரியில் விரலை வைத்தா: நிறமுள்ள எதனாலும் கொப்பளிக்கக்கூடாது. நான் சுருக்கிய வரி.

அடுத்த கிழமை வெறும் தண்ணியோடு போனோம். இந்த முறை திரை பச்சை. இடது கன்னத்தில் பயற்றங்கொட்டை அளவில் ஒரு இருட்டு. அதிலிருந்து ஒரு துளி சதை வெட்டிச் சோதனைக்கு அனுப்பினார்கள். முடிவு வரும்வரை ஐயா கொட்டைப்பெட்டியைத் திறக்கவில்லை. அம்மா அதைத் தலையணைக்குக் கீழே வைத்துப் படுத்தா.

முடிவு கேட்க மூன்றாம் முறை போனோம். புற்றுநோய் இல்லை. ஆனால் விட்டிருந்தால் அங்கேதான் போயிருக்கும் என்றா டொக்டர். வெற்றிலையும் புகையிலையும் இனி இல்லை, ஆறு மாசத்துக்கொருக்கால் வரவேணும்.

ஐயா டொக்டரின் பக்கம் திரும்பினார். "ஒண்டே ஒண்டு போட்டாலும் உந்த மெசின் காட்டிக் குடுக்குமோ, பிள்ளை?"

"ஓம் ஐயா. எத்தினை மணிக்குப் போட்டதெண்டும் சொல்லும்."

என்னைப் பார்த்தார். நான் படிச்ச முகத்தோடு தலையை ஆட்டினேன்.

வீட்டுக்கு வந்ததும் வெறும் கொட்டைப்பெட்டியை அண்ணையிடம் கொடுத்தார், ஆணி போட்டுவைக்க. பிறகு விரல் விட்டுக் கணக்குப் பார்த்தார். ஆஸ்பத்திரியில் ஒரு சதமும் இல்லை. ஆட்டோ மூன்று முறை, ஒருமுறை போகவர இரண்டாயிரத்து ஐந்நூறு. மஞ்சள் பக்கற் நூற்றெண்பது. எல்லாமாக ஏழாயிரத்து அறுநூற்றெண்பது ரூபா.

"அதிலை, தம்பி, ரெண்டாயிரத்து அறுநூற்றெண்பது உன்ரை படிப்புச் செலவு."